தேன் கடையில் செத்த அப்பா

உங்கள் அப்பா எப்படிச் செத்தார் என்று ஒரு கடைக்காரன் உங்கள் எதிரிலேயே கதை விட்டிருக்கிறானா? என் எதிரில் விட்டான். அவன் காலேஜில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

படிப்பு முடிந்ததும் ஆலங்காயத்தில் ரெண்டு பேரும் கூட்டாகத் தேன் கடை போட்டோம். ஜவ்வாது மலைமேல் எங்கள் ஊரில் தேன் வாங்கி, பெல்பாட்டம் பேண்ட்டோடு டின் சுமந்து இறக்குவது நான். கல்லாவில் உட்கார்ந்து வாயால் விற்பது அவன். வாய் என்றால் அப்படி ஒரு வாய்.

எங்கள் பக்கம் பாறைத்தேன் எடுக்க ஒருத்தன் கயிற்றில் தொங்கினால், மேலே கயிறு பிடிப்பது அவன் மச்சான்தான்; பெண்டாட்டியின் அண்ணன். கூடப்பிறந்தவள் தாலியை எவன் அறுப்பான் என்கிற நம்பிக்கை. என் அப்பாவுக்குக் கயிறு பிடித்தவர் என் மாமன். அப்பா செத்தது மஞ்சள்காமாலையில், வீட்டுக்குள், பாயில். இதெல்லாம் ஹாஸ்டலில் அவனிடம் நான் சொன்னதுதான். வேறு யாரிடம் சொல்வேன்?

அம்மாவின் கடைசித் தங்கை, என் சின்னம்மா. அவளுக்கு நெல்லிவாசல்நாட்டில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளையும் தேன் எடுப்பவர். இனி அவருக்குக் கயிறு பிடிக்க வேண்டியது என் மாமன்.

மாப்பிள்ளையின் அப்பா கல்யாணப் புடவை எடுக்க இறங்கி வந்து எனக்காகக் கடையில் காத்திருந்தார். அவர் யாரென்று இவனுக்குத் தெரியாது. நான் டின்னோடு நுழைகிறேன், இவன் வாணியம்பாடி வியாபாரி ஒருவரிடம் கதை அளந்துகொண்டிருக்கிறான்.

“இன்னா தேன்னு நெனச்சீங்க பாய்? என் பார்ட்னரோட அப்பா இதுக்குத்தான் உயிர வுட்டாரு. மேல கயிறு புடிச்ச மச்சான் கைய வுட்டுட்டான். மனுசன் பாதாளத்துல!”

பாய் உச்சுக்கொட்டினார். பெரியவர் எழுந்தே விட்டார்.

“எந்த மச்சான்பா?”

“இவன் மாமன்தாங்க. இன்னும் மலைமேலதான் கீறாரு.”

“பொய்ங்க தாத்தா! எங்கப்பா வூட்ல காமாலைல செத்தாரு. டேய், சும்மா கதன்னு சொல்றா!”

அவன் என்னைப் பார்த்தான். பாயைப் பார்த்தான். பாய் கடையிலிருந்த டின் மொத்தத்தையும் கேட்டிருந்தார்.

“பாவம் பாய் இவன். அந்தப் பேச்ச எடுத்தாலே இப்டித்தான் ஆயிடுவான்.”

சொல்லிவிட்டு என் தோளில் ஆறுதலாகக் கை வேறு போட்டான், நாய்.

பஸ் ஸ்டாண்டு வரை பெரியவர் பின்னாலேயே ஓடினேன். “எங்க ஊர்ல யார வேணா கேளுங்க தாத்தா.”

“உன் ஊரு உனக்குத்தான் சொல்லும். கூடப் படிச்ச உன் கூட்டாளியே சொல்றான். எம் புள்ளய அந்தக் கையில எப்டிடா குடுப்பேன்?”

புடவை எடுக்காமலே பஸ் ஏறிவிட்டார்.

திரும்பி வந்து சட்டையைப் பிடித்தேன். அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை.

“இன்னாடா இப்போ? தேன்ல பாகு கலந்தனா? கதைலதான கலந்தேன்!”

“அவரு என் சின்னம்மாவுக்கு மாமனாரா வர வேண்டியவருடா.”

“அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

அன்றைக்கே கூட்டை முறித்துக்கொண்டு மலையேறிவிட்டேன். மாமன் ரெண்டு தடவை நெல்லிவாசல்நாட்டுக்கு நடந்துபோய்ப் பார்த்தார். உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் போன மாசம் வேறு இடத்தில் கல்யாணம்.

சின்னம்மா இப்போது வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருக்கிறாள்.