பெண்கள் பக்கத்துக் கேமரா

கண்டிக்குப் பக்கத்துத் திகனயில் கேமரா வைத்திருக்கும் ஆண்களை ஜஹானா இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள். ஒன்றும் தெரியாமல் படம் எடுப்பவர்கள் ஒரு வகை. ஒன்றும் தெரியாமல் வகுப்பு எடுப்பவர்கள் மற்ற வகை. இரண்டாவது வகைக்கு அஸ்ஃபர் ஹாஜியாரை விட்டால் ஆளில்லை.

அவளுக்கு முப்பத்தாறு வயது. கண்டி நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் ஆறு வருடம் அடையாள அட்டைப் படங்களை ஓரம் வெட்டிக்கொண்டிருந்தவள், யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கேமராவை வாங்கி, அதோடு வந்த கையேட்டை அட்டை கிழியும்வரை படித்துத் தொழில் பழகினாள். இப்போது கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்துக்கு அவள்தான். அங்கே ஆண்கள் நுழைய முடியாது என்பதால் அந்தப் பக்கம் முழுவதும் அவள் ராச்சியம். விளம்பரம் கிடையாது. அல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அவள் பேரும் தொலைபேசி இலக்கமும் இருக்கும். பெண்கள் அல்பத்தைப் புரட்டி முடித்ததும் அந்த இலக்கத்தைக் குறித்துக்கொள்வார்கள். அடுத்த கலியாணம் அப்படித்தான் வந்து சேரும். அந்தக் கடைசிப் பக்கம் கைவிட்டுப் போனால் அவள் மறுபடியும் ஓரம் வெட்டப் போகவேண்டியதுதான்.

அஸ்ஃபர் ஹாஜியார் மிளகும் கிராம்பும் பொதிசெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருக்கிறார். அவருடைய கந்தோரில், அலுவல் மேசைக்குப் பின் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. அதை வாங்க அவர் பட்ட பாட்டை ஊரே கேட்டுக் களைத்திருந்தது. போன வருடம் மகன் கட்டாரிலிருந்து பெரிய கேமரா ஒன்றை அனுப்பினான். கேமராத் திரையின் பட்டியலைத் தட்டிப் பார்த்த ஹாஜியாரின் கண்ணில் முதலில் பட்டது ஐ.எஸ்.ஓ. என்ற மூன்று எழுத்து. அன்றோடு படிப்பு முடிந்தது. ஐ.எஸ்.ஓ. என்றால் தரம், தரம் எவ்வளவு கூடுதலோ படம் அவ்வளவு நல்லது என்று ஞாயிறுதோறும் இலவச வகுப்பு நடத்தத் தொடங்கிவிட்டார். மற்ற எண்களையும் விட்டுவைக்கவில்லை. எல்லாமே பெரிதாக இருக்கவேண்டும். பெரிய மனிதர் அல்லவா.

ஜஹானாவுக்கு இதைக் கேட்டபோது சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஐ.எஸ்.ஓ. என்பது கேமரா எவ்வளவு மங்கிய வெளிச்சத்துக்கு ஈடுகொடுக்கிறது என்பதன் கணக்கு. அதைக் கூட்டக் கூட்டப் படத்தில் ரவை தூவியதுபோலப் புள்ளி விழும். எஃப் எண் என்பது வெளிச்சம் நுழையும் ஓட்டையின் அளவு. எண் பெரிதானால் ஓட்டை சிறிது. ஷட்டர் என்பது அந்த ஓட்டைக்குக் கதவு. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். ஒரு வருடமாக அதைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருக்க ஒரு தனித் திறமை வேண்டும்.

ஹாஜியாரின் தங்கை ரபீகா, தன் மகள் ஸுமைராவின் கலியாணத்துக்கு ஜஹானாவைத்தான் பேசியிருந்தாள். கலியாணத்தன்று காலையில் ஹாஜியார் கேமராவோடு வந்து நின்றார். தன் கேமராவில்தான் எடுக்கவேண்டும், எல்லாம் சரிப்படுத்தி வைத்திருக்கிறேன், எதையும் தொடாமல் பொத்தானை மட்டும் அமுக்கினால் போதும் என்றார். அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத ரபீகா கண்ணாலேயே கெஞ்சினாள். ஜஹானா கேமராவை வாங்கிக்கொண்டாள்.

உள்ளே போய் ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். கறுப்பு. வெளியே வெயிலில் எப்படியோ ஒப்பேறியிருக்கும், வீட்டுக்குள் எடுபடவில்லை. எஃப் இருபத்திரண்டு, ஷட்டர் நாலாயிரத்தில் ஒரு விநாடி, ஐ.எஸ்.ஓ. உச்சத்தில். ஓட்டையைச் சுருக்கி, கதவையும் படாரென்று சாத்திவிட்டுத் தரத்தை மட்டும் கூரையில் ஏற்றியிருந்தார். அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. முழுக் கலியாணமும் இருட்டாக வரட்டும், மனிதர் ஊர் நடுவில் நாறட்டும். ஆனால் ஸுமைரா அப்போதுதான் உம்மாவின் தோளில் முகம் வைத்து அழத் தொடங்கியிருந்தாள். அந்த அழுகையை இன்னொரு முறை அழச் சொல்ல முடியாது. ஜஹானா எஃப் இரண்டு புள்ளி எட்டு, நூற்றிருபத்தைந்தில் ஒரு விநாடி, ஐ.எஸ்.ஓ. எண்ணூறு என்று மாற்றினாள். மஞ்சள் விளக்கில் முகங்கள் மஞ்சள் பூசினாற்போல் தெரிந்ததால் வெள்ளைச் சமநிலையையும் சரிசெய்தாள். பிறகு வேலையைப் பார்த்தாள்.

கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது, மற்றப் படங்களையெல்லாம் தன்னிடம் மாற்றிக்கொண்டு, பெண்கள் யாரும் இல்லாத மேடை அலங்காரப் படங்கள் நாலைந்தை மட்டும் அதில் விட்டுவைத்தாள். அடுத்த ஞாயிறு வகுப்பில் ஹாஜியார் அவற்றைத் திரையில் போட்டு, உச்ச ஐ.எஸ்.ஓ.வின் மகிமை இது என்று விளக்கினார். வகுப்பிலிருந்த ஒருவன் படத்தின் விவரத்தில் எண்ணூறு என்று இருப்பதைக் காட்டினான். கேமராவுக்குச் சான்றிதழ் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை என்று ஹாஜியார் பதில் சொன்னார். எல்லாரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு கிழமை கழித்து, அச்சுக்குப் போகும் முன் அல்பத்தின் மாதிரியை ஜஹானா ரபீகாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஹாஜியாரும் முன் ஹோல் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அல்பத்தை அவர் தொடவில்லை. தொடவும் கூடாது. உள்ளே இருந்தவர்கள் எல்லாம் முக்காடு இல்லாத ஊர்ப் பெண்கள். தான் பார்க்கவே முடியாத அந்தப் படங்களுக்குக் கடைசிப் பக்கத்தில் தன் பேர் வரவேண்டும் என்றார். கேமரா தன்னுடையது, செட்டிங் தன்னுடையது, பொத்தான் அமுக்கியவள் பேரை எதற்குப் போடுவது என்று கேட்டார். ரபீகா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜஹானா குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"ஒங்கட பேரயே போடுங்க, ஹாஜியார். பொம்புளயள் பக்கத்துல எடுத்த படம் இவ்வளவும். எடுத்தது அஸ்ஃபர் ஹாஜியாரெண்டு அடிச்சி ஈந்தா, அண்டைக்கு நீங்க எங்க நிண்டீங்கண்டு ஊரு கேக்கும். பள்ளியிலயும் கேப்பாங்க."

ஹாஜியாரின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை பாதி வழியில் நின்றது. கோப்பையை வைத்துவிட்டு, பேரெல்லாம் தனக்கு எதற்கு, தான் விளம்பரம் தேடுகிற ஆளில்லை என்றார். கொஞ்சம் பொறுத்து, கேமரா யாருடையது என்றாவது சின்னதாக ஒரு வரி போடலாமே என்றார்.

"அதும் வாணாம்," என்றாள் ஜஹானா. "அண்டைக்கு ஒங்கட கேமராவும் பொம்புளயள் பக்கத்துக்கு வந்துதானே ஈந்த."

ரபீகா சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தாள். ஜஹானாவின் இலக்கத்தை ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டு, மாதிரியில் இன்னும் வெறுமையாக இருந்த கடைசிப் பக்கத்தில் அவள் பேரோடு சேர்த்துத் தன் கையாலேயே எழுதினாள்.