கருவாட்டக்கா காய்ச்சிய தைலம்

ஊரில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கருவாட்டக்கா என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷம் கூடை சுமந்து தெருத்தெருவாகக் கருவாடு விற்றவள். "வீடே நாறுது" என்று இருபத்திரண்டு வருஷமும் முகம் சுளித்தவர் அவள் புருஷன். அந்த வியாபாரத்தில் வந்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டேதான் சுளித்தார்.

முழங்கால் மக்கர் பண்ணியதும் கூடை இறங்கியது. மிஞ்சியது மேட்டில் ஓர் ஏக்கர் கல்லுப் பூமி. எதை நட்டாலும் அக்கம்பக்கத்து ஆடுகளுக்கு விருந்து.

"எலுமிச்சைப்புல் போடுங்க. தைலம் காய்ச்சினா சோப்பு கம்பெனிக்குப் போகும். ஆடு வாயே வைக்காது" என்றார் வேளாண்மை அதிகாரி.

அதிகாரிகள் பேச்சை நம்பிப் பழக்கமில்லாதவள், ஒரு பிடி புல்லை வாங்கி வந்து பக்கத்து வீட்டு ஆட்டின் முன்னால் போட்டாள். துவைத்துக் காயப்போட்ட துணியையே மேய்கிற ஆடு அது. முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. ஆடு சொன்ன பிறகுதான் அவள் நட்டாள்.

ஐந்து மாதத்தில் முதல் அறுப்பு. பெண்கள் சங்கத்துக் கொதிகலனில் புல்லைத் திணித்து நெருப்பு மூட்டினார்கள். ஆவி குழாய் வழியே குளிர்ந்து இறங்க, தண்ணீருக்கு மேல் மஞ்சளாகத் தைலம் மிதந்தது. வீட்டில் சும்மா கிடந்த பழைய கருவாட்டு டின்னைச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவி, அதில் பிடித்து வைத்தாள்.

தைலம் வாங்க வந்த வியாபாரி மூடியைத் திறந்து முகர்ந்தார். "அக்கா, எலுமிச்சையோட மீனும் சேர்ந்து வருதே!"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே?"

சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வயிற்றுப்பாட்டுக்குச் சுமந்தது மூக்கையே தின்றுவிட்டதே!

வியாபாரி வேண்டாமென்று தள்ளிய தைலத்தை மாட்டுக்காரர் ஒருவர் ஈ விரட்டக் கேட்டு வாங்கிப் போனார். நாலாம் நாள் வந்து, "ஈ ஒண்ணுகூட அண்டலக்கா. என்ன, பூனைங்கதான் மாட்டு பின்னாடியே சுத்துது" என்றார்.

அடுத்த அறுப்புக்குப் புதுக் கண்ணாடி ஜாடி வாங்கினாள். தன் மூக்கை நம்பாமல், பக்கத்து வீட்டு மருமகளைக் கூப்பிட்டு முகரச் சொன்னாள். இந்தத் தடவை வியாபாரி மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார். மறுவருஷம் பக்கத்து ஏக்கரையும் குத்தகைக்குப் பிடித்தாள். சேலை, தலைமுடி, தலையணை எல்லாம் எலுமிச்சை மணம்.

புருஷனுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. ஒன்று போட்டால் ஒன்பது. புல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர்.

"இதுக்குக் கருவாடே தேவலாம்" என்றார் புருஷன், மூக்கைச் சிந்திக்கொண்டே.

"அதை நான் கூடை தூக்கினப்பவே சொல்லியிருக்கலாமே நீங்க" என்றாள் அவள்.

இருந்தாலும் மனுஷர் வேலைக்கு டிமிக்கி கொடுப்பதில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அறுக்க வந்துவிடுகிறார். ஆள் உயரப் புல்லுக்குள் அவர் எந்த மூலையில் இருக்கிறார் என்று அவள் தேட வேண்டியதே இல்லை, தும்மல் சொல்லிவிடும்.