முதுகைக் காட்டிய இருவர்

மார்ச் 31 அன்று அமைதிப்படையின் கடைசி லாரி ஊரைவிட்டுக் கிளம்பியது. கூடியிருந்தவர்கள் கையசைத்தார்கள். குடிநீர் வாரியத்து ஃபிட்டரம்மா மட்டும் லாரிக்குப் பின்னாலேயே நடந்துபோய், "தம்பி, இனிமே வால்வு சாவியை யாரு திருப்புவா?" என்று கேட்டார். மொழி தெரியாத வெளிநாட்டுச் சிப்பாய் சிரித்துக்கொண்டே கும்பிட்டான்.

ஊரில் அவருக்கு 'வால்வு அக்கா' என்று பெயர். போர்நிறுத்தக் கோடு ஊரை இரண்டாக வெட்டியபோது, முக்கிய வால்வு இரண்டு முள்வேலிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அதை அடைத்தால் தண்ணீர் மேட்டிலிருக்கும் இந்தப் பாதிக்கு. திறந்தால் பள்ளத்திலிருக்கும் அந்தப் பாதிக்கு. ஒரு பாதிக்கு ஒருநாள் என்று மாற்றிவிட அக்கா தினமும் உள்ளே போவார். துருவேறிய வால்வு ஒற்றை ஆளுக்கு அசையாது. ஆள் உயர இரும்புச் சாவியின் குறுக்குக் கைப்பிடியை இருவர் ஆளுக்கொரு முனையில் பிடித்துச் சுற்ற வேண்டும். இத்தனை நாளும் அமைதிப்படைக்காரர்கள் சுற்றினார்கள். அவர்கள் போனபோது வால்வு அடைத்தபடி இருந்தது.

மூன்றாம் நாள், அந்தப் பாதியில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஃபோன் செய்தாள். "அக்கா, புள்ளையைக் குளிப்பாட்டக்கூடத் தண்ணியில்ல. பசங்க வேலிப் பக்கம் கல்லோட சுத்துறானுங்க. எனக்குப் பயமா இருக்கு."

ஊர் நிர்வாகம் இன்னும் ராணுவத்தின் கையில். அக்கா நேராக மேஜரின் அறைக்குப் போனார்.

"நம்ம பக்கம் தண்ணி வருதுல்ல? அப்புறம் என்னம்மா?"

"போன தடவை சண்டை எதுல சார் ஆரம்பிச்சது? ஒரு தண்ணி லாரியிலதானே?"

மேஜர் பேனாவை மூடினார். "சரி, நம்ம ஆளுங்க ரெண்டு பேரை அனுப்புறேன்."

"ரெண்டும் நம்மாளா இருந்தா அவங்க சுடுவாங்க. நம்ம ஆள் ஒருத்தர், அவங்க ஆள் ஒருத்தர்."

"துப்பாக்கி?"

"சாவியைப் பிடிக்க ரெண்டு கையும் வேணும், சார்."

பகல் முழுக்க ஃபோனில் பேசி, சாயங்காலம் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

மறுநாள் காலை இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குண்டுச் சிப்பாய் வந்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மீசைக்காரர். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, முகத்துக்கு முகம் பார்த்தபடி தள்ளினார்கள். சாவி அசையவில்லை.

"என்னப்பா, பொண்ணு பாக்கவா வந்தீங்க? எதிரும் புதிருமா தள்ளினா எப்படிச் சுத்தும்? திரும்பி, செக்குமாடு மாதிரி வழியைப் பாத்து நடங்க."

"இவனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நான் திரும்ப மாட்டேன்" என்றார் மீசைக்காரர்.

"எனக்கு மட்டும் என்ன ரெண்டு முதுகா இருக்கு?" என்றார் குண்டு.

"ரெண்டு முதுகையும் நான் பாத்துக்கிறேன். எனக்கு வேறென்ன வேலை?" என்று அக்கா பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

வேலிக்கு இருபுறமும் துப்பாக்கிகள் காத்திருந்தன. குண்டு பெருமூச்சு விட்டு முதலில் திரும்பினார். அதைப் பார்த்து மீசைக்காரரும் திரும்பினார். சாவி கிறீச்சிட்டது, அரைச் சுற்று, ஒரு சுற்று.

"மெதுவாப் போய்யா, மூச்சு வாங்குது."

"சோத்தைக் குறை."

குண்டு சிரித்துவிட்டார். மண்ணுக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் தங்கையின் ஃபோன்: "அக்கா, குழாய் இருமுது!"

நாளை வால்வை அடைக்க வேண்டும். அதே இருவரை அனுப்பச் சொல்லி அக்கா இரு பக்கமும் கேட்டிருக்கிறார். மீசைக்காரர் வருகிறார். நாளை சொந்த ஊருக்குப் போகவிருந்த குண்டு, லீவைத் தள்ளிப்போட்டிருக்கிறார்.