ஐஸ் தர மறுத்த மீன்கார அக்கா

போன சித்திரையில், கத்திரி வெயில் தொடங்கிய வாரம். கடலூரில் அரசு மருத்துவமனைக்குப் போய்விட்டு, சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஓர் ஐஸ்கிரீம் டப்பா. அதற்குள் என் மகளுக்கு ஒரு மாதத்துக்கான இன்சுலின்.

மகளுக்குப் பத்து வயது. சர்க்கரை நோய் என்று தெரிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தினமும் ஊசி போட்டே ஆக வேண்டும். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு வெளியில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அன்றுதான் முதன்முதலாகப் போனேன். ஓசியில் கொடுப்பது எப்படி இருக்குமோ என்ற சந்தேகம் வேறு. பார்த்தால், இதுவரை வெளியில் வாங்கிய அதே மருந்து. அதை எப்படிப் பத்திரமாக வைப்பது என்று நர்ஸம்மா பொறுமையாகச் சொன்னார். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். காதில் ஏறியது 'குளிர்ச்சி' என்ற ஒரு வார்த்தைதான்.

வாசலில் ஜூஸ் கடையில் ஐஸ் கட்டி கேட்டு வாங்கி, மருந்தை நடுவில் புதைத்து மூடினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கடலூர் முதுநகரில் ஒரு மீன்கார அக்கா கூடையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று சீட் தள்ளிப் போய்விட்டேன். அவர் பார்த்தார்.

ஆலப்பாக்கம் தாண்டி பஸ் படுத்துவிட்டது. வேறு பஸ் வரும் என்றார் கண்டக்டர். ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. என் மடி நனைந்தது. டப்பாவைத் திறந்தால் பாதி தண்ணீர். மருந்து கெட்டுப்போனால் பிள்ளைக்கு ராத்திரி என்ன போடுவது? அக்கம்பக்கத்தில் ஒரு பெட்டிக்கடைகூட இல்லை. ஐஸ் இருந்தது ஒரே இடத்தில்தான், அந்த மீன் கூடையில்.

வெட்கத்தை விட்டுப் போய் நின்றேன்.

"அக்கா, ரெண்டு கை ஐஸ் குடுங்களேன்."

"எதுக்கு?"

டப்பாவைக் காட்டினேன். எட்டிப் பார்த்தவர், "தர மாட்டேன்" என்றார்.

மூக்கைப் பொத்தியதற்குப் பழி வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன். "கொழந்தைக்குப் போடுற மருந்து அக்கா" என்று கெஞ்சினேன்.

"அதுக்குத்தான் தர மாட்டேங்கறேன். ஐஸு மீனுக்கு. மருந்துக்குக் குளுச்சி போதும் தம்பி. ஒறஞ்சிபோச்சுன்னா தூக்கித்தான் போடணும். நானும் பத்து வருசமா அதே ஆஸ்பத்திரில வாங்கி இதே ஊசிதான் போட்டுக்கறேன். மொத மாசம் மீன் ஐஸ்லயே வெச்சி ஒறைய உட்டுட்டு, நர்ஸம்மாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கினேன்."

சொல்லிக்கொண்டே குப்பிகளை எடுத்துத் துடைத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஒறையல. தப்பிச்சிது."

என் கைக்குட்டையைத்தான் கேட்டு வாங்கினார். அதை நனைத்துப் பிழிந்து, பிளாஸ்டிக் கவரில் போட்ட மருந்தின் மேல் சுற்றி, தன் காலடி நிழலில் வைத்தார். "வூடு போற வரைக்கும் தாங்கும். குந்து. மூக்கப் பொத்திக்கினாலும் பரவால்ல."

பொத்துவதற்குத்தான் கைக்குட்டை இல்லையே. அவர் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். உள்ளுக்குள் கூசிப் போயிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் தீர மருத்துவமனைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அதே நர்ஸம்மா. "ஒறையலன்னா தைரியமா போடலாம் சார். காலைலயே இதத்தான சொன்னேன்?" என்றார். என் மகளோ கைக்குட்டையை முகர்ந்து, "மருந்து வாங்கப் போனியாப்பா, மீன் வாங்கப் போனியா?" என்று கேட்டாள்.

இப்போதும் மாதாமாதம் கடலூர் போகிறேன். நர்ஸம்மா சொல்வதைக் கடைசிவரை கேட்கிறேன். பஸ்ஸில் மீன் கூடை ஏறினால் ஒரு கை கொடுத்துத் தூக்கி வைக்கிறேன். கேட்டதைக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேரை மறந்துவிட்டேன். கேட்டதைத் தர மறுத்த அந்த அக்காவை மட்டும், மகளுக்கு ஊசி போடும் ஒவ்வொரு வேளையும் நினைத்துக்கொள்கிறேன்.