மூன்று நகல்கள்

பெறப்படும் எந்த மனுவுக்கும் பதினைந்து நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். முடியாவிட்டால் இடைக்காலப் பதிலாவது தரப்பட வேண்டும். நான் வேலை பார்த்த வட்டாட்சியர் அலுவலகத்தில், புதிதாகச் சேரும் எழுத்தர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அதை மீறாமல் மீறுவது எப்படி என்பதையும் நானே சொல்லிக்கொடுத்தேன். ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்பதும் ஒரு பதில்தான். அதை வருடக்கணக்கில் அனுப்பலாம்.

ஓய்வு பெற்ற பின் ஏற்காட்டிலேயே தங்கிவிட்டேன். நாகலூர் போகும் வழியில், காபித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு நடுநிலைப் பள்ளி. அதன் தலைமையாசிரியை ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். ஏழாம் வகுப்பில் யார் பேசுவதையும் யாரும் காதில் வாங்குவதில்லை, வாங்கினால் அதை வைத்தே ஒரு வாரம் கேலி செய்கிறார்கள் என்றார். வியாழக்கிழமை கடைசிப் பீரியடில் வந்து அவர்களை உட்காரவைத்துப் பேசவும் கேட்கவும் பழக்க முடியுமா என்று கேட்டார். வாழ்நாளெல்லாம் பொதுமக்கள் சொன்னதைக் கேட்டவன் என்று என்னை நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நானும் மறுக்கவில்லை.

பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் நாற்காலி. மூன்று விதிகள் போட்டேன். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. பதில் சொல்வதற்கு முன், அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி ‘இதுதானே?’ என்று கேட்க வேண்டும். இங்கே பேசுவது இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. நல்ல விதிகள். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மூன்றாவது வாரமே பலன் தெரிந்தது. நாய்க்குப் பயந்து சுற்றுவழியில் பள்ளிக்கு வருவதாக ஒருவன் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தைரியத்தில் ஒரு பெண் பேசினாள். காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் அம்மா எஸ்டேட்டுக்குப் போகும்போது, கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள இவள் வீட்டில் நின்றுவிடுவாளாம். மறுநாள் காய்ச்சல் என்று லீவ் லெட்டர். அம்மாவின் கையெழுத்தையும் இவளே போடுவாளாம். பக்கத்திலிருந்த தோழி அதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். ‘ஆமா, இதுதான்’ என்று அவள் தலையசைத்தபோது, தலைச்சுமையை இறக்கிவைத்தவளைப் போல இருந்தாள்.

(இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “பேரு மட்டும் போடாதீங்க” என்றாள். அதனால் இதில் யார் பெயரும் இல்லை.)

நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் என்று ஒன்று நடந்தால் அதற்கு நடவடிக்கைக் குறிப்பு இருக்க வேண்டும். யாரும் கேட்காமலேயே வீட்டுக்குப் போய் அதைச் சுத்தமாக எழுதி மூன்று நகல்கள் தயாரித்தேன். ஒன்று தலைமையாசிரியைக்கு, ஒன்று பள்ளியின் கோப்புக்கு, ஒன்று எனக்கு. முதல் பத்தி: ‘இங்கு பேசப்படுவது அறையை விட்டு வெளியே போகாது என ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது.’ இரண்டாவது பத்தியில் காய்ச்சல்.

தலைமையாசிரியையைக் குறை சொல்ல முடியாது. போலிக் கையெழுத்து என்று எழுத்தில் வந்துவிட்டால் அவரும் அம்மாவைக் கூப்பிடத்தான் வேண்டும். பறிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்த அந்த அம்மா, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க வராந்தாவில் நின்று, ‘இது என் கையெழுத்து இல்லைங்க’ என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அடுத்த வியாழக்கிழமை கடைசிப் பீரியடுக்கு மட்டும் அந்தப் பெண் வரவில்லை. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். அறையில் அவளுடைய தோழிதான் எழுந்தாள்.

“ஏனுங்க சார், இங்க பேசறது வெளிய போகாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?”

நான் யாரிடமும் பேசவில்லை, குறிப்பைத்தான் அனுப்பினேன் என்றேன்.

“அப்ப எழுதுனா போலாமுங்களா?”

மேலதிகாரிகள் எத்தனையோ பேருக்கு விளக்கம் எழுதியிருக்கிறேன். இவள் முன்னால் குறிப்பேட்டை மூடிவைத்தேன்.

அதன் பிறகு வட்டம் ஒழுங்காகவே நடந்தது. ஒவ்வொருவரும் தன் முறை வந்ததும், “எங்கூட்டுல எல்லாரும் நொம்ப நல்லா இருக்கறாங்க” என்றார்கள். அடுத்தவர் அதையே திருப்பிச் சொல்லி ‘இதுதான?’ என்றார். ஒரு வகுப்பு முழுக்க ஒரு குறையும் இல்லை. நான் மேலிடத்துக்கு அனுப்பிய ஆய்வறிக்கைகளில்தான் மக்கள் இவ்வளவு சௌக்கியமாக இருந்தார்கள்.

பக்க எண் போட்ட தாளைக் கோப்பிலிருந்து எடுக்கக் கூடாது. தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு எடுத்தேன். அவருடைய நகலையும் கேட்டு வாங்கினேன். பிறகு அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் முயற்சியில் ‘பொருள்’, ‘பார்வை’ என்று அலுவலகக் கடிதத்தின் தலைப்புகள் தாமாகவே வந்து விழுந்தன. கிழித்தேன். இரண்டாவதில் ‘வருந்தத்தக்க சூழல் ஏற்பட்டுள்ளது’ என்று எழுதியிருந்தேன், சூழல் தானாக ஏற்பட்டதைப் போல. அதையும் கிழித்தேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: ‘வெளியே போகாது என்று சொன்னேன். நானே அனுப்பினேன். தப்பு என்னுடையது. மூன்று நகல்களும் இதோடு இருக்கின்றன. நான்காவது கிடையாது. நீ திரும்ப வருவாயா?’

சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் போய்க் கொடுத்தேன். அங்கேயே நின்று படித்தாள். நகல்களை எண்ணிப் பார்த்தாள்.

“இதுக்கு எத்தன நாள்ல பதில் சொல்லோணுமுங்க?”

“அரசாங்கத்துக்குத்தான் பதினஞ்சு நாளு. உனக்கு அதெல்லாம் இல்ல, கண்ணு.”

“அப்ப பாக்கறேனுங்க.”

பதினைந்து நாள் போனது. முப்பதும் போனது. வியாழக்கிழமைகளில் நான் நாற்காலியை மூலையில் போட்டுவிட்டு, முழங்கால் முனகினாலும் தரையில் உட்கார்ந்தேன். பேனாவைத் தலைமையாசிரியையின் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். கைகளை எங்கே வைப்பதென்று முதலில் தெரியவில்லை. எழுதாமல் கேட்டால் ஒருவர் எங்கே நிறுத்துகிறார், எதைச் சொல்லாமல் விழுங்குகிறார் என்பது தெரிகிறது. சர்வீஸில் எனக்கு அது தெரியாது. கரடியூரிலிருந்து பட்டா மாறுதலுக்காகத் திங்கள்தோறும் வந்து வராந்தாவில் நின்ற ஒருவர் அடிக்கடி நினைவுக்கு வந்தார். அவரிடம் நான் கோப்பிலிருந்து தலை நிமிர்ந்து பேசியதே இல்லை. இப்போது பதிலுக்குக் காத்திருந்தவன் நான்; கதவுப் பக்கம் நிழல் ஆடினால் திரும்பிப் பார்த்தேன்.

நல்லா இருக்கறாங்க என்பது மெல்லக் குறைந்தது. ஒருவன் அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை என்றான். தோழி, தனக்குக் கணக்கு சுத்தமாக வரவில்லை என்றாள். வெளியே எதுவும் போகவில்லை என்று அவர்களே சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

பறிப்பு முடிந்து காபிச் செடிகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. அன்று நான் தரையில் உட்கார்ந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. அந்தப் பெண் உள்ளே வந்து, நாலாக மடித்த நோட்டுத் தாளை என் கையில் வைத்துவிட்டு, தோழிக்கும் எனக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். அதைப் படித்து முடித்து, பழையபடி நாலாக மடித்தேன். அவள் என் பக்கம் குனிந்து, “என்ன எழுதியிருக்கேன்னு சொல்லுங்க பாக்கலாம்” என்றாள். அவளுக்கு மட்டும் கேட்கும்படி திருப்பிச் சொல்லி, இதுதானே என்று கேட்டேன். “இதேதானுங்க” என்றாள்.

அதில் என்ன இருந்தது என்பது அந்த அறையை விட்டு வெளியே போகாது. கோப்புக்கு வேண்டுமானால் இதை மட்டும் சொல்லலாம்: பதில் பெறப்பட்ட நாள், மாசி மாதத்துக் கடைசி வியாழக்கிழமை.