நல்ல தண்ணி மேலேதான் நிற்கும்

பிரஸ்ஸில் தாள் அடுக்குவது என் வேலை. அஞ்சாவதோடு படிப்பு நின்றாலும், அடிக்கிற தாளை எழுத்துக்கூட்டி வாசிக்காமல் எனக்கு இருக்க முடியாது. வாசிப்பேனே தவிர வாய் திறக்க மாட்டேன். கூச்சம்.

போன கோடையில் பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டுகிற கடல் படம் ஆர்டர் வந்தது. மாதிரிக்கு அடித்த தாளை வாசித்தேன். வடக்கே பனிக் கடலில் உப்புத் தண்ணி குளிர்ந்து, கனத்து, அடியில் இறங்குமாம். அந்த இடத்துக்குத் தெற்கேயிருந்து வெதுவெதுப்பான தண்ணி வருமாம். கடல் இப்படிச் சுற்றுகிறதென்று அன்றைக்குத்தான் தெரியும். அம்புட்டு சந்தோஷம் எனக்கு. இப்போது பனிப்பாளம் உருகி வருகிற தண்ணி, கீழே இறங்குவதை மட்டுப்படுத்திச் சுற்றையே மந்தமாக்குகிறதாம்.

ஆனால் படத்தில், உருகின தண்ணிக்குப் போட்ட நீல அம்பு நேரே அடிக்குப் பாய்ந்தது. அதெப்படி? பனி உருகினால் நல்ல தண்ணி. எங்கள் தெருக் கிணறு உப்பு. மழை பெய்தால் நல்ல தண்ணி மேலாக நிற்கும். படியில் இறங்கி, கலக்காமல், செம்பால் மோந்து எடுப்போம். மேலே மூடி மாதிரி நின்றால்தானே சுற்று மந்தமாகும்?

"கலர் சரியாச் சேந்திருச்சு. டீ குடிச்சிட்டு வந்து ஓட்டிருவோம்" என்று மெஷின்காரர் போனார். ஓட்டிவிட்டால் போச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் தலைகீழாகப் படிக்கும். முதலாளியிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

வாசலில் ஐஸ் வண்டி மணி கேட்டது. ஓடிப்போய்ச் சிவப்பு ஐஸ் ஒன்று வாங்கினேன்.

"இந்த வயசுல ஐஸ் கேக்குதோ பெரியம்மாவுக்கு?" என்றாள் கூட அடுக்குகிறவள். அவள் மாங்காய்க்கு வைத்திருந்த கல் உப்பை அப்படியே அள்ளினேன். "ஏத்தா, வெறும் மாங்காயவா திங்க?" என்று கத்தினாள்.

கண்ணாடி டம்ளர் தண்ணியில் உப்பைக் கரைத்து, ஐஸைப் போட்டு, முதலாளி மேசையில் வைத்தேன். பக்கத்தில் தாளை விரித்து நீல அம்பில் விரலை வைத்தேன்.

"எனக்கா ஐஸ்?" என்று சிரித்தவர், டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிவப்பெல்லாம் மேலேயே தேங்கிக் கிடந்தது. அடியில் தெளிவு. தாளை எடுத்து வாசித்தார். படம் வரைந்தவனுக்குப் போன் போட்டார்.

"ஏலே, பனித் தண்ணிய எங்கன இறக்கி விட்டிருக்க?"

"உப்புத் தண்ணி அம்பையே எடுத்து ஒட்டிட்டேன் அண்ணாச்சி. திருப்ப மறந்துட்டேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல பெரியம்மா?"

"சொன்னா நம்பியிருப்பீகளா?"

கேட்ட பிறகுதான் கேட்டது நான் என்று உறைத்தது. அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சாயங்காலம் திருத்தின படத்துக்குப் புது அச்சுப் பிளேட் மாட்டி, முதல் தாளை என்னிடம் நீட்டினார்கள். நான் எழுத்துக்கூட்டி முடிக்கிறவரை மெஷின்காரர் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். நீல அம்பு கடல்மேல் அகலமாகப் படுத்துக் கிடந்தது.

"ஓட்டுங்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிசாகக் கேட்டது.