ஓட்டை யார் போட்டது

எட்டு வருஷமாக வேல்விழிக்கு ஒரே வேலை. வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி. அடியில் லைட் எரியும் மேசையில் துணியை ஓடவிட்டு ஓட்டை கண்டுபிடிப்பது. கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், இரண்டு தரப்பும் வந்துவிடும்.

"சாயப்பட்டறையில கிழிஞ்சதுங்க" என்பார் நிட்டிங்காரர்.

"இல்லீங்க, உங்க ஊசியில விழுந்ததுங்க" என்பார் சாயக்காரர்.

மரியாதை குறையாமல் ஒருவரையொருவர் திருடன் என்பார்கள். அதற்கு வேல்விழியிடம் ஒரு வழி உண்டு. சாயத்துக்கு அனுப்பாமல் ஒரு ரோலை நிறுத்திப் பார்ப்பாள். அதிலும் ஓட்டை இருந்தால் ஊசிதான்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் புருஷன் முனீஸ் அவளுக்கு எச்.ஐ.வி.யைக் கொடுத்தான், ஐந்தாம் வருஷம் பிள்ளையைக் கொடுத்தான். இரண்டையும் ஒரே முகத்தோடுதான். தினமும் மாத்திரை போட்டதில் வைரஸ் அடங்கிக் கிடந்தது. ஆறாம் மாதம் கோயமுத்தூரில் ஓர் ஆராய்ச்சியில் சேர்த்து, ஸ்கேன் இயந்திரத்துக்குள் அவளைப் படுக்கவைத்து, பிள்ளைக்குச் சோறு போகும் நஞ்சுக்கொடியைப் படமெடுத்தார்கள். திரையில் அங்கங்கே கறுப்புத் திட்டு.

"அது ஓட்டையா டாக்டரம்மா?"

"ரத்தம் சரியா ஓடாத இடம், கண்ணு" என்றார் டாக்டர் கவிப்பிரியா. "வைரஸ் பண்ணுச்சா, மாத்திரை பண்ணுச்சான்னுதான் பாத்துட்டிருக்கறோம். மாத்திரைய மட்டும் நிறுத்தீராத."

காது கேட்டது, தொழில் கேட்கவில்லை. ஒன்றை நிறுத்திப் பார்த்தால்தானே தெரியும். ஐந்து வாரம் மாத்திரைகள் அரிசி டப்பாவில் தூங்கின.

"ஏட்டி, பெரிய டாக்டரோ நீ? எடுத்து முழுங்கு" என்றான் முனீஸ்.

"கொடுத்தவரு பேசாம இரும்."

அடுத்த படத்தில் திட்டுகள் பெருகியிருந்தன. நான்காம் நாள் பிள்ளையின் துடிப்பு நின்றது. டாக்டர் மாத்திரையைப் பற்றிக் கேட்டார். வேல்விழி மறைக்கவில்லை.

"இப்ப தெரிஞ்சிருக்குமே டாக்டரம்மா. யாரு போட்ட ஓட்டை?"

"ரெண்டும் முன்னாடியே உள்ள இருந்துச்சு. நடுவுல ஒண்ண நிறுத்திட்ட. இனி யாராலயும் சொல்ல முடியாது கண்ணு."

சாயம் ஏறின துணியில் அந்தச் சோதனை செல்லாது. எட்டு வருஷம் பார்த்தவளுக்கு அது அப்போதுதான் உறைத்தது. ஆராய்ச்சிப் பட்டியலிலிருந்தும் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள், விதி அப்படியாம். கம்பெனியிலும் கணக்கில் சேராத பீஸ் தனி மூட்டைக்குத்தான் போகும்.

ஒரு மாதம் கழித்து மேசைக்குத் திரும்பினாள். ஓட்டை வந்தது, அம்பு ஒட்டினாள். இரண்டு தரப்பும் வந்தது.

"நீயே சொல்லு கண்ணு, யாரு பண்ணுனது?" என்றார் நிட்டிங்காரர்.

"துணி போயிருச்சுங்க" என்றாள் வேல்விழி.

அதையா கேட்டோம் என்று அவர்கள் சண்டையைத் தொடர்ந்தார்கள்.